நான்காவது அவரை

அக்கா,

இன்று காலை அம்மா வெள்ளிக்கிழமைக்காகக் கடலை ஊறப்போட்டிருந்தார். குசினி முழுக்க அந்தப் பச்சை மணம். சட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். சில கடலைகள் தோல் வெடிக்கும் அளவுக்கு ஊதியிருந்தன. சில கல்லுப்போல அப்படியே கிடந்தன. ஒரே சட்டி, ஒரே தண்ணீர். நான் என்னை அறியாமலே அவற்றில் பன்னிரண்டை எண்ணி மேசையில் வரிசையாக வைத்தேன். அம்மா திரும்பிப் பார்த்து, "இப்ப கடலையிலயும் மழை பாக்கப் போறியே? பிறகு நான் குடை பிடிச்சுக்கொண்டுதான் சமைக்கவேணும்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்குப் பிழையில்லாமல் எழுத வருவது இது ஒன்றுதான். நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது வினைச்சொல்லே இல்லாத ஒரு பிரெஞ்சு. "நாளை, மழை, நிறைய, குடை" என்பீர்கள். நான் "ஓம்" என்பேன். அந்த "ஓம்" ஒன்றைத்தான் நீங்கள் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். கடைசியில் நம் முதலாளி பத்திரோனுக்கே "ஓம்" என்று பதில் சொல்லத் தொடங்கினீர்கள். அவர் அதை உங்கள் கொரிய மொழி என்று நினைத்தார். ஆகவே நீங்கள் பேசியதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். இவ்வளவு ஒழுங்காக நீங்கள் ஒருநாளும் பேசியதில்லை. கோபிக்காதீர்கள்.

எண்பத்து நான்கில் அம்மாவும் நானும் பாரிசில் அப்பாவிடம் வந்து சேர்ந்தபோது நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அச்சுவேலியில் பள்ளிக்கூடம் திறந்திருந்த நாட்களைவிடப் பூட்டியிருந்த நாட்கள் கூட. இங்கே வந்து சிறிது காலத்தில், லாச்சப்பல் பாலத்துக்குப் பின்னால் இருந்த அந்தத் தையல் பட்டறையில், நம் அத்தலியேயில், நூல் வெட்டும் வேலை கிடைத்தது. முதல் மூன்று கிழமையும் நான் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தெரியாதவள் என்றே எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். நீங்கள் மட்டும் யன்னலோர இயந்திரத்திலிருந்து தினமும் காலையில் எனக்கு வானிலை சொன்னீர்கள். நான் கேட்கவில்லை, நீங்களாகச் சொன்னீர்கள்.

எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. உங்கள் ஊரில் அடுப்புப் புகை கூரையோடு படுத்தால் மழை. இங்கே அடுப்புப் புகை இல்லை. ரயில் பாதைக்கு அப்பால் தெரிந்த தொழிற்சாலைப் புகைபோக்கியைப் பார்த்தீர்கள். உங்கள் ஊரில் தகைவிலான் குருவிகள் வயலைத் தொட்டுப் பறந்தால் மழை. இங்கே அவற்றைக் காணாத நாட்களில் மெத்ரோ ரயில் பாலத்துப் புறாக்களைப் பார்த்தீர்கள். "இதுகள் சரிவராது. பாரிசுப் புறா மழைக்கும் பயப்படாது, பஸ்ஸுக்கும் பயப்படாது," என்று அவற்றைக் கைவிட்டீர்கள். அழுத்துப்பெட்டியின் ஆவி மேலே எழும்பாமல் துணிமேலே சோம்பிக் கிடந்தால் மட்டும் நூற்றுக்கு நூறு என்றீர்கள். தைத்த உடுப்புகளை வண்டியில் ஏற்றும் நாளை உங்களிடம் கேட்டுத்தான் பத்திரோன் தீர்மானிப்பார். வானம் பார்க்கத் தெரியாதவனுக்கு உங்கள் ஊரில் பெண் கொடுக்கமாட்டார்களாம். "அப்ப உங்கட அப்பா நல்லாப் பாப்பாரோ?" என்று ஒருநாள் கேட்டேன். அதுதான் நானாக உங்களிடம் கேட்ட முதல் கேள்வி. "அப்பா சொன்னால் நாங்கள் நேர்மாறாகச் செய்வோம். அப்படிச் செய்தே நல்ல விளைச்சல்," என்றீர்கள்.

உங்களவர்கள் வருடத்தை இருபத்து நான்காக வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். தவளை விழிக்கும் நாள். தானியத்துக்கு மழை இறங்கும் நாள். வெள்ளைப் பனி. உறைபனி இறங்கும் நாள். எந்தத் துண்டில் விதைப்பது, எதில் நாற்று நடுவது என்று அந்தப் பெயர்களே சொல்லிவிடும். குளிர்காலம் முடியும் தறுவாயில் வாற்கோதுமைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரை எண்ணுவார்களாம். மூன்று வேர் என்றால் நல்ல வருடம், ஒன்று என்றால் வயிற்றைக் கட்டவேண்டும். இதையெல்லாம் நூலை வாயில் கவ்விக்கொண்டு நீங்கள் சொல்வீர்கள். தவளை விழித்த நாளில், பெரியதொரு துணிச் சாக்குக்குப் பின்னாலிருந்து தவளைபோலக் கத்தி மேற்பார்வையாளரின் தேநீரைக் கொட்டவைத்தது யார் என்று நான் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

பிறகு தோட்டம் கிடைத்தது. ஒபர்வில்லியேயில் தொழிலாளருக்குக் கொடுக்கும் அந்தச் சிறு துண்டு நிலத்துக்கு நீங்கள் இரண்டு வருடம் காத்திருந்தீர்கள். முதல் வருடம் பரீட்சை மட்டும். தோட்டச் சபைக்காரர்கள் மே முடிவில் வந்து பார்ப்பார்கள். பயிர் உயிரோடு இல்லையென்றால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நீங்கள் சாவியை எனக்குக் காட்டினீர்கள். "ஆறாம் மாடி அறையின் கதவு வீட்டுக்காரருடையது. அத்தலியேயின் கதவு பத்திரோனுடையது. பதினொரு வருடத்தில் பாரிசில் நான் பூட்டித் திறக்கும் கதவு இது ஒன்றுதான்." அந்தக் கதவு என் இடுப்பு உயரம்தான். யார் வேண்டுமானாலும் தாண்டிக் குதிக்கலாம். ஆனாலும் நீங்கள் இரண்டு முறை பூட்டி, இழுத்துப் பார்த்துத்தான் போவீர்கள்.

உங்கள் அம்மா ஒரு காலுறைக்குள் சுருட்டி அனுப்பிய மிளகாய் விதைகளை எங்கள் வீட்டு யன்னலில்தான் முளைக்க வைத்தோம், உங்கள் அறைக்கு வெயில் வராததால். ஐம்பத்தெட்டுத் தயிர்க் கோப்பைகள். "யன்னலைத் திறக்கேலாது, துணி காயப்போடேலாது. மிளகாய்க்கண்டு வளக்கிறதெண்டா அச்சுவேலியில இருந்திருக்கலாமே!" என்று அம்மா தினமும் ஏசினார். தினமும் அவர்தான் தண்ணீரும் ஊற்றினார்.

அதற்கு முன்பே, மாசியில், அவரை வந்துவிட்டது.

அன்று பூரணை. மாலையில் நீங்கள் ஒரு காய்ந்த சோளத் தண்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். தண்டை நீளமாகப் பிளந்து, பன்னிரண்டு குழி தோண்டி, குழிக்கு ஒரு சோயா அவரை வைத்து, மறுபாதியால் மூடி, அத்தலியே நூலால் இறுக்கிக் கட்டினீர்கள். ஊரில் என்றால் இதைக் கிணற்றில் இறக்குவார்களாம். விடிய எடுத்துப் பிரித்தால் எந்த அவரை ஊதியிருக்கிறதோ அந்த மாதம் மழை; எது சுருங்கிக் கிடக்கிறதோ அந்த மாதம் வறட்சி. அதன்படி நடவு. நம்மிடம் இருந்தது பிளாஸ்டிக் வாளியும் குழாய்த் தண்ணீரும்.

"குழாய்த் தண்ணிக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்? கேட்டுச் சொல்லு பிள்ளை," என்றார் அம்மா.

நான் கேட்டேன். "குழாய்த் தண்ணீரும் ஒருநாள் மழையாக இருந்ததுதானே," என்றீர்கள். அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. உங்களைச் சாப்பிட இருத்திவிட்டார்.

மறுநாள் காலை உங்களுக்கு ஆஸ்பத்திரியில் ஏதோ சோதனை. அதனால் பிரித்துப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. தண்டின் ஒரு நுனியில் கத்தியால் கீறியிருந்தீர்கள். "முதல் மாதம் இந்தப் பக்கம்," என்று மட்டும் சொன்னீர்கள். எது முதல் மாதம் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வருடம் சித்திரையில் பிறக்கும். இதில் கேட்க என்ன இருக்கிறது?

விடிய எழும்பிப் பிரித்தேன். முதல் மூன்று அவரையும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. நான்காவது தோல் கிழிந்து வெளியே தள்ளியிருந்தது. மற்றவை நடுத்தரம். குலம் மாமாவின் பலசரக்குக் கடையில் கொடுத்த நாட்காட்டியை எடுத்து வைத்து, முதலாவது சித்திரை, இரண்டாவது வைகாசி, மூன்றாவது ஆனி, நான்காவது ஆடி என்று எழுதினேன். உங்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்திலேயே பிரெஞ்சு மாதங்களையும் வடிவாக எழுதிவைத்தேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு வரை வறட்சி. அதன் பிறகு பெருமழை. நான் அத்தலியேயிலிருந்து திரும்பி வரும்போது, அம்மா அந்தப் பன்னிரண்டு அவரையையும் கடுகு தாளித்துச் சுண்டலாக்கி அப்பாவுக்குக் கொடுத்து முடித்திருந்தார்.

நீங்கள் தாளைப் பார்த்துத் தலையைச் சரித்தீர்கள். "மே மாதம் வறட்சியா? சரி. அவரை சொன்னால் சரி." பிரெஞ்சுப் பெயர்களில் எழுதியிருந்ததால் நான் எல்லாவற்றையும் மாற்றிக் கணக்கிட்டுவிட்டேன் என்று நினைத்தீர்களாம். என் எழுத்தும் நம்பும்படி இருந்ததாம்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். வறட்சி என்றால் எங்களூரில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ஆறு இல்லை, கிணறுதான். மிளகாய்க்குத் தாழ்வாகப் பாத்தி கட்டி, சுற்றிலும் வரம்பு வைத்து, வாய்க்காலால் தண்ணீர் விட்டால் ஒரு சொட்டும் ஓடாது. நீங்கள் எப்போதும் மிளகாயை உயர்ந்த மேட்டில்தான் நடுவீர்களாம், உங்களூர் மழைக்கு. அன்று நான் வரைந்து காட்டினேன், கையால் காட்டினேன், பத்து நிமிடம் தொடர்ந்து பேசினேன். நீங்கள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். "நல்லது. இந்த வருடம் உன் ஊர் முறை," என்றீர்கள்.

பக்கத்துத் தோட்டத்து முசியே லூசியன், ரயிலில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மே நடுவில் கடைசிக் குளிரோடு வரும் பனிச் சாமிகள் மூன்று பேரின் திருநாட்கள் கழியும்வரை மிளகாயை வெளியே கொண்டுவரக் கூடாது என்பது அவருடைய சட்டம். அவருக்காக அதுவரை பொறுத்தோம். பிறகு கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கி, மெத்ரோவில் ஸ்தலின்கிராட்டில் மாறி, சனம் இடித்துவிடாமல் முதுகால் மறைத்துக்கொண்டு போனோம். நான் பாத்தி கட்டுவதைப் பார்த்து முசியே, "மாத்மசெல், மீன் வளர்க்கப் போகிறீர்களா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நான்காம் நாள் மழை தொடங்கியது. அது நிற்கவில்லை.

ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தபோது என் பாத்திகள் அழகாக, ஒரு சொட்டும் ஓடாமல், தண்ணீரைத் தாங்கி நின்றன. நான் கட்டிய வரம்பு அவ்வளவு உறுதி. மிளகாய்க் கன்றுகள் கழுத்தளவு தண்ணீரில் மஞ்சளாகி நின்றன. முசியே தன் குடைக்குள்ளிருந்து, "மீன் எப்போது விடுகிறீர்கள்?" என்றார். சபைக்காரர்கள் வரும் ஞாயிறு வருவதாகக் கதவில் தாள் ஒட்டியிருந்தது.

நாம் இருவரும் கருவிக் கொட்டிலுக்குள் ஒதுங்கினோம். நீங்கள் தண்ணீரைப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "நான்காவது அவரை எந்த மாதம் என்று எழுதினாய்?"

"ஆடி. ஜூலையும் ஓகஸ்ட்டும்."

"முதலாவது?"

"சித்திரை."

"ஏன் சித்திரை?"

"வருசம் சித்திரையிலதானே பிறக்கும்?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். விரலை மடக்கினீர்கள். உங்களுடைய முதல் மாதம் நாம் அவரையை வாளியில் போட்ட அந்த மாதமே என்றும், அந்தப் பூரணை உங்கள் வருடத்தின் முதல் பூரணை என்றும், அப்படி எண்ணினால் நான்காவது இதோ இந்த மே என்றும் எனக்கு விளங்கியபோது, மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது. அழத் தயாரானேன். நீங்களோ கொட்டில் தகரம் அதிரச் சிரித்தீர்கள். "அப்ப அவரை சரி! குழாய்த் தண்ணீர், பாரிஸ் வாளி, ஆனாலும் அவரை சரி! உன் அம்மாவிடம் சொல்!" சிரித்துச் சிரித்து இருமி, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். இருமல் நிற்க நேரம் பிடித்தது. பிறகு மண்வெட்டியை எடுத்தீர்கள். மூன்று வெட்டு வெட்டிவிட்டு அதிலேயே சாய்ந்துகொண்டீர்கள். "கன்றுகளை மண்ணோடு தூக்கி மேட்டில் வைத்தால் பிழைக்கும். ஆனால் நம் இருவரால் முடியாது," என்றீர்கள். அப்போது நீங்கள் சிரிக்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்தீர்கள்.

சனிக்கிழமை பின்னேரம் நான் குலம் மாமாவின் கடைக்குப் போனேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி அவர். அந்த நேரத்தில் கடை வாசலில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு அண்ணைமார் நிற்பார்கள். நான் அந்த வாசலால் போகும்போதெல்லாம் வீதியின் மறுபக்கம் மாறிவிடுவேன். அன்று நேரே நடந்து நடுவில் போய் நின்றேன்.

"என்ன தங்கச்சி, அரிசியே?" என்றார் ராசன் அண்ணை. உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். வாய் சும்மா இருக்காது.

"மிளகாய்க்கண்டு தாழுது. பாத்தி உடைச்சு மேடு கட்டவேணும். நாளைக்கு விடிய," என்றேன். குரல் எங்கிருந்தோ பெரிதாக வந்தது. "உங்களில ஆருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும்?"

"அட, இவள் கதைப்பாளே!" என்றார் குலம் மாமா.

"கேள்வியைப் பார்! ஆருக்குத் தெரியுமோ?" ராசன் அண்ணை நெஞ்சில் கைவைத்தார். "நாலாயிரம் கண்டு வெங்காயம் ஒரு நாளில நட்ட கையடி இது. இப்ப சவுக்காரத்தில ஊறிக் கிடக்குது."

"நாலாயிரமோ? போன கிழமை ரெண்டாயிரம் எண்டனீர்!" என்று பக்கத்தில் நின்றவர் இடித்தார்.

"ஆற்ற தோட்டம், தங்கச்சி?"

"கொரியா அக்காவின்ர."

"ஓ, அந்த மழை அக்காவோ? அப்ப வரத்தான் வேணும். என்ர மட்டையைக் காப்பாத்தினவ," என்றார் இன்னொருவர். நீங்கள் ஒருநாள் வீதியில் அவரிடம் குடை எடுக்கச் சொன்னீர்களாம்; பையிலிருந்த வதிவிட அட்டை, கார்ட், நனையாமல் பிழைத்ததாம்.

ஞாயிறு விடிய ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் சப்பாத்துக்கு மேல் பொலித்தீன் பை கட்டியிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. முதலில் அரைமணி நேரம் வேலை நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. மேடு ஒரு முழமா, அரை முழமா? அச்சுவேலிக்காரருக்கும் இணுவில்காரருக்கும் ஒத்துவரவில்லை. நீங்கள் நடுவில் போய் நின்று முழங்காலில் கையால் வெட்டிக் காட்டினீர்கள்: "இவ்வளவு. ஓம்?" எல்லோரும் "ஓம்" என்றார்கள். முசியே லூசியன் தன் இரண்டு மண்வெட்டிகளை வேலிக்கு மேலால் நீட்டினார். பிறகு பொறுக்கமுடியாமல் தானே வேலியைத் தாண்டி வந்துவிட்டார்.

சபைக்கார அம்மையார் பத்தரைக்கு வந்தபோது, கடைசி மேட்டைத் தட்டிக்கொண்டிருந்தோம். ஐம்பத்தெட்டில் நாற்பத்தொரு கன்றுகள் நிமிர்ந்து நின்றன. அவர் சேறாகி நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவ்வளவு சிறிய துண்டுக்கு இத்தனை பேரா?" முசியே என்னைக் காட்டி, "இந்தப் பெண்தான் மேற்பார்வை, மதாம். சரியான கடுமை," என்றார். அம்மையார் தன் புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டு, நல்லது என்றார்.

அதன்பின் நீங்கள் கொண்டுவந்த சோற்றையும் கோவா இலையில் போட்ட ஊறுகாயையும் கொட்டில் வாசலில் இருந்து சாப்பிட்டோம். "அக்கா, குறை நினைக்காதேங்கோ, உது பழுதாப்போச்சு," என்ற ராசன் அண்ணைதான் மூன்றாம் தரமும் கோப்பையை நீட்டினார்.

ஓகஸ்ட்டில் மிளகாய்கள் சிவந்தன. நடுக்கோடைக்குப் பிறகு தோட்டம் உங்களுடையது என்று கடிதம் வந்தது. அதை என்னைக்கொண்டு மூன்று முறை வாசிப்பித்தீர்கள். உறைபனி இறங்கும் நாளில் கோவா வெட்டினோம். அப்போது நீங்கள் கதிரையில் இருந்தபடிதான் எங்களுக்கு வேலை சொன்னீர்கள். ஆஸ்பத்திரியிலும் யன்னலோரக் கட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதம். தாதிமாருக்குக் குடை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தை மாதம், அந்தக் கட்டிலிலேயே, போய்விட்டீர்கள்.

மாசியில் சபையிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு தாள் வந்தது. துண்டு நிலம் பட்டியலுக்குத் திரும்பும். நெருங்கிய உறவினர் யாராவது இருந்தால் வந்து பதியலாம். அம்மா என்னோடு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

அந்தச் சின்ன அறையில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். மேசையில் இருந்தவர் உங்கள் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்து, யார் வந்திருப்பது என்று கேட்டார். நான் எழும்பினேன்.

"நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"தங்கை," என்றேன்.

அவர் தாளில் இருந்த உங்கள் பெயரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் நீட்டிய கார்டில் என் பெயரைப் பார்த்தார். அது உங்கள் பெயரைவிட மூன்று மடங்கு நீளம். நான் தலையைக் குனியவில்லை. பக்கத்தில் இருந்த, மே மாதம் வந்த அந்த அம்மையார் தன் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டி அவரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவர் பேனாவைத் திறந்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "சகோதரி."

அதற்கு ஒரு மஞ்சள் அட்டை தந்தார்கள். மேலே உங்கள் பெயர், கீழே என் பெயர், நடுவில் அந்தச் சொல், அதன்மேல் ஒரு முத்திரை. என் மேலங்கியின் உள்பையில் கார்டோடு சேர்த்து அதையும் வைத்திருக்கிறேன். லாச்சப்பல் மெத்ரோ வாசலில் பொலிசார் அடிக்கடி நின்று பத்திரம் கேட்பார்கள், உங்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் பையைத் துழாவித் தடுமாறுவேன். இப்போதும் கொஞ்சம் தடுமாறுகிறேன். ஆனால் அவசரத்தில் பல தடவை மஞ்சள் அட்டைதான் முதலில் கையில் வருகிறது, அதைத்தான் நீட்டிவிடுகிறேன்.